நாய்க்குச் சம்பந்தம் பேசிய கிருசாந்தன்

“தாய் தகப்பன் ஆரெண்டு தெரியாத ஒரு சீவனும் என்ர படலைக்குள்ள கால் வையாது. நான் உயிரோட இருக்குமட்டும் வையாது.”

தர்மபுரம் சந்தியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் கிருசாந்தன் இதைச் சொன்னபோது கடைக்குள் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் உடைந்த திரையை மாற்ற வந்தவர். இன்னொருவர் மழைக்கு ஒதுங்கியவர். மூன்றாமவர் அடுத்த வளவு வீரையா. அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்த இடத்தில் ஒரு யோசனையும் சொல்லிவிட்டார். மழைக்கு ஒதுங்கியவர் மட்டும் தலையாட்டினார். மழை விட்டதும் அவரும் போய்விட்டார்.

வீரையா சொன்னது பெரிய விசயம் அல்ல. கிருசாந்தனின் மகள் சாரங்கா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு பழுப்பு நிறப் பெட்டை நாய் தினமும் அவளோடு கூட வந்து வாசல் படலையில் நின்றுவிடுகிறது. தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்தது. ஒரு காது கிழிந்தது. “பாப்பாவுக்குக் காவலா அதையே உள்ள விட்டுட்டா என்னங்க தம்பி?” என்று கேட்டார். அதற்குத்தான் மேற்படி பிரகடனம்.

கிருசாந்தனுக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய அறிவுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தான் கையால் தொட்ட பொருளில் அவருக்குச் சந்தேகம் வரும். தொடாத பொருளில் வரவே வராது. ஆகையால் தொலைபேசி திருத்துவதில் சற்றுத் தடுமாறுவார். நெல்லுக்கு வரும் நோய், கனடாவில் பனி கொட்டும் விதம், பக்கத்து நாட்டின் தேர்தல் முடிவு ஆகியவற்றில் தடுமாற்றமே கிடையாது. யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்திலிருந்து காணி கிடைத்து வன்னிக்கு வந்த குடும்பம். வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டாலும், யாராவது புதிதாகப் பழக வந்தால் முதலில் “எவடம், ஆற்ற பகுதி?” என்று ஊரையும் யாருடைய ஆள் என்பதையும் கேட்கும் குலவழக்கத்தை அவர் கைவிடவில்லை. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய வீரையாவிடம் அதை எத்தனை முறை கேட்டார் என்று வீரையாவுக்கே கணக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட மனிதரை நாய்ப் பக்கம் தள்ளிவிட்டவை குரங்குகள். வன்னியில் குரங்கு ஒரு மிருகம் அல்ல, அயலவர். சொல்லாமல் வரும், சமைக்கும் குசினிக்குள் போகும், பிடித்ததை எடுக்கும், போகும்போது கூரை ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும். கிருசாந்தனின் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டியது. கக்கூசு வளவின் பின்மூலையில், மாமரத்துக்குக் கீழே. தை மாதத்தில் ஒருநாள் சாரங்கா கையில் பிஸ்கட்டோடு அந்தப் பக்கம் போனாள். ஒரு பெரிய கடுவன் குரங்கு இறங்கிவந்து பிஸ்கட்டைப் பறித்தது. பறித்ததோடு நில்லாமல் சட்டையைப் பிடித்து இழுத்து, கையிலும் கீறிவிட்டது. பிள்ளைக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவள் பின்வளவுக்குத் தனியே போகமாட்டாள்.

தாய் ராஜினி கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அவா வீடு வந்து சேர ஐந்தரை மணி ஆகும். மூத்தவன் சுஜிதன் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ரியூசனுக்குப் போய்விடுவான். தகப்பன் மத்தியானம் வந்து, சாப்பிட்டு, கதிரையில் சாய்ந்து, உலக நிலவரங்களைக் கண்மூடிச் சிந்திப்பார். அவரை எழுப்பிக் கக்கூசுக்குத் துணைக்குக் கூப்பிடப் பிள்ளைக்கு வெட்கம். எனவே அடக்கிக்கொண்டு தாய் வரும்வரை இருப்பாள்.

நாய் ஒன்று வாங்கவேண்டும் என்று முடிவானது. கிருசாந்தன் தொலைபேசியை எடுத்து, ‘குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு ஏற்ற நாய்’ என்று தேடினார். வந்த படங்களில் எல்லாம் பச்சைப்புல் தரையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பந்து எறிந்து விளையாடினார்கள். ஒரு படத்திலாவது ஒரு மாமரமும் பதினொரு குரங்கும் இல்லை. அதனால் என்ன? ஒரு கிழமைக்குள் அவர் நாயினங்களின் நிபுணர் ஆனார். லாப்ரடோர், கள்ளனுக்கும் வாலாட்டும். தன்மானம் இல்லாத வம்சம். பொமனேரியனைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும். டோபர்மனுக்கு வாலை வெட்டிவிடுகிறார்கள். அங்கக் குறையுள்ளதை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது. டால்மேசனில் செவிடு ஓடுகிறது, பரம்பரை வருத்தம். கடைசியில் அல்சேசன் மட்டும் மிஞ்சியது.

இனம் முடிவானதும் ஆளைத் தேடவேண்டும். இதில்தான் கிருசாந்தன் தன் முன்னோர் வகுத்த வழியில் இம்மியும் பிசகாமல் நடந்தார். அவருக்கு ராஜினியைப் பேசியபோது பெரியதகப்பன் பதினாலு மாதம் விசாரித்தவர். அதே முறை நாய்க்கும் கையாளப்பட்டது. செட்டிகுளத்தில் செல்வநாயகம் என்ற ஓய்வுபெற்ற உத்தியோகத்தரிடம் எட்டுமாதக் கடுவன் நாய் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. உடனே போய்ப் பார்ப்பது மரியாதை இல்லை. முதலில் வெளியால் விசாரிக்கவேண்டும். அதற்காக ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் செட்டிகுளத்துக்கு அனுப்பப்பட்டார்.

அவர் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து, செல்வநாயகம் வீட்டில் ஒரு காரியமாய் வந்ததாகவும் எப்படியான இடம் என்று அறிய விரும்புவதாகவும் வழக்கமான பாசையில் கேட்டார். கடைக்காரர் செல்வநாயகத்தின் மகளுக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, மனமுவந்து நற்சான்று வழங்கினார். நல்ல அமைதி. சத்தம் வெளியில் கேளாது. வெயிலில் திரியாது. வீட்டைவிட்டு வெளிக்கிடாது. ஆரையும் ஏறெடுத்துப் பாராது. தம்பி இதை அப்படியே கொண்டுவந்து சேர்த்தார். காவல் நாயொன்றுக்கு இந்த நற்குணங்கள் எதற்கு என்று கிருசாந்தனுக்குத் தோன்றவில்லை. அடக்கமான குடும்பம் என்று மகிழ்ந்தார்.

அடுத்தது சாதகம். செல்வநாயகம் குட்டி பிறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்து வைத்திருந்தார். அவரும் இந்த மண்ணின் மனிதரே. சாத்திரியார் அதைச் சாரங்காவின் சாதகத்தோடு வைத்துப் பார்த்து, பத்துப் பொருத்தத்தில் ஏழு உண்டென்று சொன்னார். ஒரே ஈற்றில் பிறந்த ஆறு குட்டிக்கும் ஒரே பலனா என்ற கேள்வி மட்டும் அவரைச் சற்று வாட்டியதாகக் கேள்வி.

இந்த ஆராய்ச்சிகள் நடந்து முடிய இரண்டு மாதம் போயிற்று. இதற்கிடையில் சாரங்கா தானும் ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடித்தால்தானே போகவேண்டும்? அவள் குடிப்பதை நிறுத்திவிட்டாள். பங்குனி வெயில். காய்ச்சல் வந்தது, சலம் கழிக்கும்போது எரிவு வந்தது, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பிள்ளை தண்ணீர் குடிக்கவேண்டும், வந்ததை அடக்கக்கூடாது, இன்னொருமுறை இப்படி வந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று வைத்தியர் ராஜினியிடம் சொன்னார்.

வீடு வந்ததும் ராஜினி வேலையை விடுவதாகக் கடிதம் எழுதினா. அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கணவனிடம் சொன்னா:

“உங்கட நாய்க்கு நாள் பாத்து முடியுமட்டும் பிள்ளை தண்ணி குடிக்காமல் இருக்கேலாது. வாற மாசம் முதலாந்திகதிக்கு முதல் பிள்ளை தனியப் போய் வரவேணும். இல்லாட்டி இதைக் குடுத்திட்டு வாறன்.”

கிருசாந்தன் அடுத்த சுபதினத்திலேயே செட்டிகுளத்துக்குப் போனார். செல்வநாயகம் அவரை இருத்தி, வாழைப்பழமும் தேத்தண்ணியும் கொடுத்து, நாயின் வம்சப் பத்திரத்தைக் கையில் தந்தார். பாட்டன் கொழும்பில் ஒரு கண்காட்சியில் பரிசு வாங்கியவன். பூட்டனின் பெயர் வாயில் நுழையவில்லை. கிருசாந்தன் கண் கலங்கும் அளவுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது, “இவன் சின்னப் பிள்ளையளோட பழகினவன் இல்லை” என்று செல்வநாயகம் ஒரு வசனம் சொன்னார். அந்த இரண்டு மாத விசாரணையில் வெளிவந்த ஒரே உருப்படியான தகவல் அது. கிருசாந்தன் அப்போது பூட்டனில் இருந்தார்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் நாயைக் காட்டுவது என்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை. பெரியவர்கள் பேசி முடிக்கும் காரியத்தில் பிள்ளைக்கு என்ன வேலை?

பிரின்ஸ் என்ற அந்த அல்சேசன் ஓட்டோவில் வந்து இறங்கினான். பார்க்க அழகன்தான், மறுக்கக்கூடாது. தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மையாயிற்று. வெயிலில் திரியவில்லை. வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. அந்த மயிர்ப் போர்வையோடு மின்விசிறிக்குக் கீழே சீமெந்தில் படுத்தவன், பொழுதுபட்டால்தான் எழுந்தான். குரங்குகள் முதல்நாள் கூரையில் இருந்து பார்த்தன. இரண்டாம் நாள் யன்னலால் பார்த்தன. மூன்றாம் நாள் குசினிக்குள் வந்து காலைச் சாப்பாட்டுக்கு வைத்த பாணை எடுத்துக்கொண்டு போயின. பரிசு வாங்கியவனின் பேரன் கட்டிலுக்குக் கீழே போனான். ஆனால் சாரங்கா தன் சாப்பாட்டுக் கோப்பையோடு பக்கத்தால் போனால் மட்டும் பல்லைக் காட்டினான். முன்பு பிள்ளைக்கு வெளியில் பயம்; இப்போது உள்ளேயும் பயம். ஒன்பதாம் நாள் பிள்ளையின் காலில் பல் பட்டது. ஆழமில்லை. ராஜினி அன்றைக்கே ஓட்டோவைக் கூப்பிட்டா.

செல்வநாயகம் ஒரு வார்த்தை பேசாமல் பிரின்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சந்தியில்தான் வார்த்தைகள் இருந்தன.

“என்ன அண்ணை, மாப்பிளை கோவிச்சுக்கொண்டு போட்டாராம்?” என்று முன்பு திரை மாற்ற வந்தவர் கேட்டார்.

கிருசாந்தன் திருகாணிகளைத் தரையில் தேடுவதுபோல் குனிந்தார். பிறகு, அல்சேசன் இனத்தில் அண்மைக்காலமாக ஒரு கலப்பு ஏற்பட்டிருப்பது பற்றிக் கால்மணி நேரம் விளக்கினார்.

ராஜினி வைத்த தவணையான முதலாம் திகதி திங்கட்கிழமையில் விழுந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம், வழக்கமான சிந்தனையிலிருந்து கிருசாந்தன் இடையில் விழித்துக்கொண்டார். பின்வளவில் யாரோ ஏழாம் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. சத்தமாக, இராகத்தோடு, நாலேழில் பிழைவிட்டு. போய்ப் பார்த்தார்.

கக்கூசுக் கதவு சாத்தியிருந்தது. மாமரத்தில் குரங்குக் கூட்டம் முழுவதும் இருந்தது. கதவுக்கு முன்னால் குறுக்கே, கிழிந்த காதோடு அந்தப் பழுப்பு நாய் படுத்திருந்தது. வேலிக்குக் கீழே, வீரையாவின் பக்கமாக மண் கிளறி ஒரு பாதை போட்டிருந்தது. புதுப் பாதை அல்ல. நாலைந்து நாள் போய்வந்து வழுவழுப்பாகியிருந்தது.

பெரிய கடுவன் ஒரு கொப்பு கீழே இறங்கியது. நாய் குரைக்கவில்லை. எழுந்து நின்று அதைப் பார்த்தது, அவ்வளவுதான். கடுவனுக்கு வேறெங்கோ அவசர அலுவல் இருப்பது நினைவுக்கு வந்து, மேலே ஏறிப் போய்விட்டது. நாய் மறுபடி படுத்தது.

கிருசாந்தனின் கை தன்பாட்டில் ஒரு கல்லை எடுத்தது. படலையில் நின்ற அந்த நாயைக் கலைத்த பல மாதப் பழக்கம். நாய் அவரையும் கல்லையும் பார்த்தது, அசையவில்லை. வாய்ப்பாடு நின்றது. கக்கூசுச் சுவரில் காற்றுக்காக விட்ட ஓட்டையால் பிள்ளையின் குரல் வந்தது.

“அப்பா, எறியாதேங்கோ. அவள் போனா நான் வெளியில வரமாட்டன்.”

படியில் சாரங்காவின் தண்ணீர்ப் போத்தல் கிடந்தது. காலையில் ராஜினி நிரப்பிக் கொடுத்தது. அவர் அதைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை.

கல்லை, முட்டையை வைப்பதுபோல் மெதுவாக நிலத்தில் வைத்தார். வீட்டுக்குள் போய்க் கதிரையில் இருந்தார். அன்று மேற்கொண்டு நித்திரை வரவில்லை.

பின்னேரம் ராஜினி வந்ததும் பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள். முதல்நாள் தானே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டதையும், மத்தியானச் சாப்பாட்டில் பாதி முட்டை யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ராஜினி கணவனின் முகத்தைப் பார்த்தா. அவர் கூரையைப் பார்த்தார். அவா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து அடுப்பில் வைத்து, அதே நெருப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுவதாக ஓட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். காலையில் சனம் அதிகம். கிருசாந்தன் பதினொன்றரை வரை பொறுத்திருந்து, தெரு ஒழுங்கை வெறிச்சோடிய பிறகு நைலோன் கயிறோடு புறப்பட்டார். கயிறு கட்டிப் பழகாத நாய் நாலு அடிக்கு ஒருதரம் நின்றது. அவரும் நின்றார். மண்டபத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வீரையாவும் தன் நாயோடு வரிசையில் நின்றார். இவரைக் கண்டதும் நகர்ந்து நிழலில் இடம் விட்டார்.

ஊசி போட்டு முடிந்ததும் மேசையில் இருந்த உத்தியோகத்தர் அட்டையை எடுத்தார்.

“ஆற்ற நாய்?”

“என்ர.”

“பேர்?”

“தேத்தண்ணி.” நிறத்தைப் பார்த்துச் சாரங்கா வைத்த பேர் அது.

“நாயின்ர பேர் இல்லை ஐயா. உங்கட பேர்.”

கிருசாந்தன் சொன்னார். சத்தம் போதாமல், இரண்டாம் தரமும் சொல்லவேண்டி வந்தது.