பறக்குது என்று சொல்ல ஒரு ஆள்

அந்தக் காலத்தில் விமானம் கட்டிப் பறக்கப் பார்த்தவர்களின் வாழ்க்கையை டிவிக்குப் படமாக எடுத்தார்கள். படத்துக்கு வேண்டிய விமானத்தைச் செய்துகொடுத்தவர் திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன். வேடிக்கை பார்க்கப் போன என்னை டைரக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"சார், உங்களுக்குப் பழைய காலத்து மூஞ்சி."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு தலைப்பாகையும் ஒரே ஒரு வசனமும் கொடுத்தார்கள். விமானம் எழும்பும்போது நான் வானத்தைக் காட்டி, "பறக்குது சாமி, பறக்குது" என்று சொல்ல வேண்டும். எனக்கு வசனம் இருப்பதை அன்றைக்கே அனகாபுத்தூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். என்ன வசனம் என்று மட்டும் சொல்லவில்லை. டிவியில் கேட்கட்டுமே.

தாம்பரம் தாண்டி ஒரு பொட்டலில் படப்பிடிப்பு. கிரேன் விமானத்தைத் தூக்கியது. மச்சான் பொருத்திய எஞ்சின் காது கிழியக் கத்தியது. கையை நீட்டினேன், வாயைத் திறந்தேன், அப்படியே நின்றேன். விமானம் தரைக்கு வந்து எஞ்சின் ஓய்ந்ததும், "பறக்குது சாமி" என்றேன்.

"எறங்கினப்புறம் எது சார் பறக்குது?" என்றார் டைரக்டர்.

ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் தெருவில் மொட்டைமாடியை உரசுகிற மாதிரி விமானம் போகும். சத்தம் வந்தால் பேச்சை நிறுத்துவோம். போனதும் விட்ட இடத்தில் தொடர்வோம். பெண் பார்த்த அன்று, என்னைப் பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு என் மனைவி வாய் திறந்த நேரம் ஒன்று வந்தது. அது போகும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வாய் பூட்டிக்கொண்டது.

"மாப்ள, வசனத்த வேற ஆளுக்குக் குடுத்துடப் போறாங்க," என்றார் மச்சான்.

தெரு முழுக்கச் சொல்லிவைத்ததை அவரிடம் சொன்னேன். கடைசியில் மச்சானே கேமராவுக்குத் தெரியாமல் என் காலடியில் படுத்துக்கொண்டு, எஞ்சின் கத்தும்போது தொடையில் கிள்ளினார். வசனம் கணீரென்று வந்தது. முகத்தில் தெரிந்த பரவசத்தை டைரக்டர் தனியாகப் புகழ்ந்தார்.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. திரையில் நான் வந்தேன். கை நீண்டது, வாய் திறந்தது. வீட்டுக்கு மேலே நிஜ விமானம். டிவி சத்தம் அதில் அமுங்கிப்போக, கூடமே பேச்சை நிறுத்தி மரியாதையாகக் காத்திருந்தது. சத்தம் ஓய்ந்தபோது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வாய் சூப்பரா அசைஞ்சுது சார்," என்றார் தெருமுனை இஸ்திரிக்காரர். "இன்னா சொன்னீங்க?"

எழுந்து நின்று கையை நீட்டினேன். அடுத்த விமானம் வரும் சத்தம் கேட்டது. மச்சான் என் தொடைப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.