ஹெர் ஏகாம்பரம் ரொட்டி வாங்குகிறார்

இந்த ஜெர்மன் சிறுநகரின் மொழி வகுப்பில் என் அப்பா தினமும் ரொட்டி வாங்குகிறார். பஸ்ஸைத் தவறவிடுகிறார், ஏரியில் நீந்துகிறார், பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் பூ கொடுக்கிறார். எந்தப் பாடமானாலும் ஆசிரியை பலகையில் எழுதும் எடுத்துக்காட்டு வாக்கியம் ‘ஹெர் ஏகாம்பரம்’ என்றுதான் தொடங்கும். பாடப்புத்தகங்களில் வழக்கமாக வரும் முல்லரும் ஷ்மிட்டும் அவருக்கு அலுத்துவிட்டார்களாம். இப்படியொரு பெயரை அவர் கேட்டதே இல்லையாம். ஹெர் என்றால் திரு. ஏகாம்பரம் என்றால் இங்கே நான்.

ஆரணியில் அது அப்பாவின் பெயர். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் பலருக்கும் நேர்ந்ததுதான்: எங்கள் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாதென்று, பஸ் ஸ்டாண்டு அருகே நிரப்பிக் கொடுத்தவர் அப்பாவின் பெயரை எழுதிவிட்டார். வீட்டில் அந்தப் பெயர் புழங்கியதே இல்லை. முள்ளிப்பட்டுத் தறி வீடுகளுக்குப் பட்டு நூல் கொடுத்துச் சேலை நெய்து வாங்குபவர் என்பதால், நெய்கிறவர்களுக்கு அவர் முதலாளி. அம்மாவுக்கு ‘ஏங்க’. கோயில் அர்ச்சனையில் குருக்கள் பெயர் கேட்டால் அம்மா என் தோளை இடிப்பார். நான் தாழ்ந்த குரலில் சொல்வேன். அது அவரைப் பற்றிச் சொல்வது. அவரையே அப்படிக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

சென்ற வாரம் மூளையில் ரத்தம் கசிந்து அப்பா விழுந்தார். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். என் குடியிருப்பு அனுமதி இன்னும் புதுப்பித்து வரவில்லை. இப்போது கிளம்பினால் இங்கே நான் பார்க்கும் வேலைக்குத் திரும்ப முடியாது. வகுப்புக்குப் போகாவிட்டால் அனுமதியே கிடைக்காது. போய் உட்கார்ந்தேன். ‘ஹெர் ஏகாம்பரம் நன்றாகத் தூங்கினார்’ என்று ஆசிரியை எழுதினார். என்னால் தாங்க முடியவில்லை. வேறு பெயர் போடுங்கள், அது என் அப்பாவுடையது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் அன்பாகச் சிரித்து, தன்னுடைய குடும்பப் பெயரும் அப்பாவுடையதுதான் என்றார். அதற்கு மேல் விளக்க என்னிடம் அவர் மொழி இல்லை.

அப்போதுதான் தங்கை போனில் அழைத்தாள். வெளியே தாழ்வாரத்துக்கு ஓடினேன்.

“அண்ணா, டாக்டரு பேர் சொல்லி கூப்புடுங்கன்றாரு. தெரிஞ்ச குரல் கேட்டா கண்ணு தொறக்கறாரான்னு பாக்கணுமாம். அம்மா வாயத் தொறக்கல, அழுதுகினே இருக்குது.”

“நீ கூப்புடேன்.”

“எனக்கு அப்பான்னுதாண்ணா வருது. அப்பான்னு எவ்ளோ கூப்ட்டும் அசையல. அங்க ஊரே உன்ன அந்தப் பேருலதான கூப்புடுது, உனக்கு வாய் பழகியிருக்கும். ஜல்தி. காதுகிட்ட வெச்சிட்டேன்.”

பழகியிருக்கவில்லை. சுவரைப் பார்த்து நின்று சொன்னேன். கேக்கல என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, தெருவில் போகிறவனைக் கூப்பிடுவதுபோல் “ஏகாம்பரம்” என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். எதிர்முனையில் ஏதோ இயந்திரத்தின் விட்டுவிட்டு வரும் ஒலி மட்டும் கேட்டது.

வகுப்பறைக் கதவு திறந்தது. ஆசிரியையும் அவருக்குப் பின்னால் எல்லா மாணவர்களும் என்னையே பார்த்தார்கள்.

“நீங்கள் இங்கேதானே இருக்கிறீர்கள், ஹெர் ஏகாம்பரம்” என்றார் அவர், மெதுவாக.

போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஆமாம் என்று தலையசைத்தேன்.

“இன்னொரு வாட்டி கூப்புடுண்ணா” என்றாள் தங்கை.