தூக்கிக் கொடுத்த பந்து

வாலிபாலை எடுத்துவிட்டால் கதையைப் போடலாம் என்று பத்திரிகை ஆசிரியர் சென்னையிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம். அதுவரை நான் அனுப்பியவை எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன. என் பெயரை அச்சில் பார்க்க எனக்கிருந்தது ஆசையல்ல, பேராசை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தங்கைக்குக் கல்யாணம் செய்து அனுப்பும் ஒரு அக்காவின் கதை அது. அக்கா நன்றாக வந்திருக்கிறாள், பெண் எழுதும் கதையில் விளையாட்டு எதற்கு, சமையலறையில் தொடங்குங்கள் என்று யோசனையும் சொல்லியிருந்தார். அந்த அக்காவே மைதானத்திலிருந்து வந்தவள் என்று அவருக்குத் தெரியாது.

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் தமிழ் டீச்சர். சாயங்காலம் குன்னத்துகாலில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில் ஒரு சர்ச் மைதானம் உண்டு. ரப்பர் வெட்டுகிறவர்களும் கொத்தனார்களும் அங்கே தினமும் வாலிபால் ஆடுவார்கள். மதிலோரம் குடையை ஊன்றி நின்றால் ஒரு செட் முடியாமல் என் கால் நகராது. அடித்துப் புள்ளி எடுப்பவனுக்கு ஊரே கைதட்டும். என் கண் லிஃப்டர் மேல்தான் இருக்கும். அடிக்கிறவனுக்காகப் பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுக்கிற ஆள் அவர். அவர் தூக்காமல் எவனும் அடிக்க முடியாது, அவருக்குக் கைதட்டலும் கிடையாது. அந்த இரண்டு கைகளைப் பார்த்துத்தான் என் கதையின் அக்காவை எழுதினேன்.

ஆண்கள் அரைக்கால்சட்டையோடு ஆடும் இடத்தில் டீச்சர் நிற்பது நன்றாயில்லை என்று சபை மூப்பர் ஒருவர் என் கணவரிடம் சொன்னாராம். கணவர் அதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வேண்டுமானால் நீங்களும் வாருங்கள், மதிலோரம் இடம் உண்டு என்றேன். மறுநாள் வேண்டுமென்றே இன்னும் முன்னால் போய் நின்றேன்.

ஆனால் ஆசிரியரின் கடிதம் வந்த வாரம் என் உறுதியே ஆட்டம் கண்டுவிட்டது. இரண்டு பக்கத்தை வெட்டிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று மனசு கேட்டது. வெட்டுவதற்குமுன் லிஃப்டருக்கு ஒருமுறை படித்துக்காட்டத் தோன்றியது. மழையில் ஆட்டம் நின்றுபோன ஒரு நாள், சர்ச் படியில் உட்கார்ந்து படித்தேன். அவருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். கதையில், பந்தைத் தூக்கிக் கொடுத்த லிஃப்டர் அதையே அண்ணாந்து பார்த்து நிற்பார். கல்யாணக் காரைப் பார்த்து அக்காவும் அப்படியே நிற்பாள். அந்த இடத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "டீச்சரே, ஒரு தப்பு உண்டு. தூக்கிக் குடுத்த பந்த நான் பின்ன பாக்கமாட்டேன். அந்தப் பக்கத்துக்காரனுவ கையில தட்டித் திரும்பி வந்தா எடுக்கண்டாமா? குனிஞ்சு நிப்பேனாக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் நின்று பார்த்தும் அந்தக் குனிவை நான் பார்க்கவில்லை. என் சொந்த அக்கா நினைவுக்கு வந்தாள். நான் கல்யாணமாகிப் போன பிறகும், தங்கச்சி வந்தால் படுக்க வேண்டும், அவள் கட்டிலை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டவள் அவள். பிடிவாதக்காரி என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

கதையின் கடைசிப் பக்கத்தை மாற்றினேன். அக்கா காரைப் பார்த்து நிற்கவில்லை. உள்ளே போய்த் தங்கையின் கட்டிலில் விரிப்பை உதறிப் போட்டாள். ஆசிரியருக்கு எழுதினேன்: நீங்கள் சொன்னதை வெட்டவில்லை, லிஃப்டர் சொன்னதைத் திருத்தியிருக்கிறேன்.

ஒரு மாதத்தில் கதை திரும்பி வந்தது. அழவில்லை என்றால் பொய், கொஞ்சம் அழுதேன். பிறகு மேசை டிராயரைத் திறந்து, கதையை அனுப்பிய அன்றே தபால்தலை ஒட்டி வேறொரு பத்திரிகையின் முகவரி எழுதி வைத்திருந்த உறையை எடுத்தேன்.