நாலு சக்கரமும் இழுக்கிற கார்

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய என் தம்பியின் காரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதுவரை நாங்கள் பார்த்த கார்களுக்கெல்லாம் முன்னால் ஒரு மூக்கும் பின்னால் ஒரு பெட்டியும் இருக்கும். இதற்குப் பின்பக்கமே இல்லை. வெட்டி எடுத்ததுபோலச் சட்டென்று முடிந்து, அங்கே ஒரு கதவு. அந்தக் கதவை மேலே தூக்கினால் நேராகப் பின்சீட்டு தெரியும். என் வீட்டுக்காரர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏன் மாப்ள, மிச்சக் காரு அடுத்த கப்பல்ல வருதா?"

தம்பியின் கல்யாண வேலைக்கு வந்திருந்த சனமெல்லாம் சிரித்தது. தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பந்தயத்துக்குன்னு ஜப்பான்காரன் செஞ்ச வண்டிங்க மச்சான். நாலு சக்கரமும் இழுக்கும்," என்றான். "நாலும் இழுத்துட்டா ஓடறது எது?" என்று இவர் விடாமல் கேட்டார். இருபது வருடம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் சொந்தமாக லாரி வைத்திருந்தவர். சக்கரம் வைத்த எதைப் பற்றியும் அவரிடம் யாரும் புதிதாகச் சொல்லிவிட முடியாது.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது என் புகுந்த வீட்டில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பரமத்தி வேலூர் பக்கம் எங்கள் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் இருந்தன. பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்றையும் அவர் வாங்கிப் போட்டிருந்தார். வாய்க்கால் கரையில் அதை ஓட்டித்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். சேற்றில் சிக்கினால் இறங்கிப்போய் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பூட்டைத் திருகிவிட்டு, உள்ளே வந்து குட்டைக் கம்பி ஒன்றை இழுத்துப் போடவேண்டும். அப்போதுதான் நாலு சக்கரமும் இழுக்கும். கல்யாணம் ஆனதோடு எல்லாம் போயிற்று. "ஊட்டுல லாரி நிக்கறப்ப நீ எதுக்குப் புள்ள ஸ்டேரிங்கத் தொடோணும்?" என்று ஒருநாள் கேட்டார். என்ன கேள்வி அது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அந்தக் காரை நான் ஓட்டினேன். எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. எங்கள் வழக்கத்தில் தாலி கட்டுவதற்கு முந்தின நாளே இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைச்சேலையின் ஒரு நுனியை மாப்பிள்ளை பிடிக்க, மறுநுனியை அவனோடு பிறந்தவள் பிடித்து நிற்கவேண்டும். அது நடக்காமல் கல்யாணம் இல்லை. எங்கள் வீட்டில் இன்னொன்றும் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தச் சேலையைக் கொல்லிமலையில் இருக்கும் குலசாமியின் காலடியில் வைத்து எடுத்து வரவேண்டும். உடன்பிறந்தவளே எடுத்து வரவேண்டும். வீடு வந்து சேரும்வரை அவள் மடியைவிட்டு அது இறங்கக்கூடாது. பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் சீருக்கு நல்ல நேரம் இல்லை. தம்பிக்கு நான் ஒருத்திதான் அக்கா.

காப்புக் கட்டிய மாப்பிள்ளை ஊரைத் தாண்டக்கூடாது. சாவியை என் வீட்டுக்காரர் கையை நீட்டிக் கேட்டார். தம்பி அதை என் கையில் வைத்தான்.

"அக்காதான் ஓட்டோணும். மச்சான், கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொண்டார். நாமக்கல் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதாகப் போயிற்று, எனக்கும் பேச்சு வந்திருக்காது. நான் அதிர்ந்துபோயிருந்தேன். ஸ்டேரிங்கை ஒரு விரலால் திருப்ப முடிந்தது. ஜீப்பில் ஒரு வளைவுக்குத் தோளோடு சேர்த்துத் திருப்பியவள் நான், முதல் திருப்பத்திலேயே வாய்க்காலுக்குள் விடப் பார்த்தேன். சீட்டு என் இடுப்பை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரியாமல் இரண்டாவது தடவை சாவியைத் திருகி, அது கத்திய கத்தலில் நானே துள்ளிவிட்டேன்.

சேந்தமங்கலம் தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வண்டி ஒரு கணம் யோசித்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அடுத்த கணம் முன்னாலிருந்து ஒரு சீழ்க்கைச் சத்தம் கிளம்பியது, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்ததுபோல என் தலை சீட்டில் மோதியது. ரோட்டோரப் புளியமரங்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. "ஏ புள்ள! ஏ புள்ள!" என்று அவர் முன்னால் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காலை எடுத்தேன். பிரேக்கைத் தொட்டேன், மிதிக்கக்கூட இல்லை. இரண்டு பேரும் கண்ணாடியை முட்டப் போனோம்.

"இது காரில்ல," என்றார். வண்டியில் ஏறியபிறகு அலறாமல் அவர் பேசிய முதல் பேச்சு அது.

காரவள்ளியில் மலை தொடங்குகிறது. முந்தின நாள் மழை பெய்து வளைவுகளில் செம்மண் வழிந்து கிடந்தது. ஒரு கொண்டையூசி வளைவில் லாரி ஒன்று சக்கரம் வழுக்கி, பின்சக்கரம் சும்மா சுற்றி மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. "நின்னுரு, இதுல ஏறாது," என்றார். நான் ஒதுங்கி, சேறு அதிகமாக இருந்த ஓரத்தில் ஏற்றினேன். ஜீப்பாக இருந்தால் இறங்கித் திருகியிருப்பேன். இதில் திருகவும் ஒன்றுமில்லை, இழுக்கவும் ஒன்றுமில்லை. வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் ஆடியது. உடனே முன்சக்கரம் பிடித்து இழுத்தது, அப்புறம் பின்சக்கரம் தள்ளியது. எது எப்போது வேலை செய்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை. ஸ்டேரிங்கை எந்தப் பக்கம் காட்டினேனோ அந்தப் பக்கம் போயிற்று. லாரிக்காரர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இப்படி ஒரு சந்தோசம் இல்லாமல் இத்தனை வருசத்தை ஓட்டியிருக்கிறோமே என்று கோபமும் வந்தது.

கோயிலில் பூசாரி வரத் தாமதமாகிவிட்டது. பூசை முடிந்து சேலையை என் கையில் கொடுத்தபோது பொழுது மேற்கே நன்றாக இறங்கியிருந்தது. மடியில் சேலை. அதைப் பிடித்துக்கொள்ளக் கை வேண்டும், இனி நான் ஓட்ட முடியாது. அவர் சாவியை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"ஏறறது ஆரு வேணாலும் ஏறலாம். எறக்கறதுக்குத்தான் டிரைவர் வேணும்."

நன்றாகத்தான் இறக்கினார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொண்டையூசிகளில் கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, எதிர்வண்டிக்கு வழிவிட்டு, பதறாமல் வந்தார். வளைவுகள் முடிந்து கடைசியில் காரவள்ளியை நோக்கி ஒரு நேர் இறக்கம் வரும். அங்கே வந்ததும் நிம்மதியாக மூச்சுவிட்டு, கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

எங்கள் ஊர் லாரிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். இறக்கத்தில் வண்டி தானாக ஓடும்போது டீசலை எதற்கு எரிக்க வேண்டும் என்பார்கள். அதைத் திறமை என்றே நினைத்தார்கள். தம்பி எங்களிடம் காரைப் பற்றி என்னென்னவோ சொல்லியிருந்தான், இதைச் சொல்லவில்லை. ஓடுகிற வண்டியை யாராவது அணைப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

சத்தமில்லாமல் வண்டி ஓடியது. காற்று மட்டும் கேட்டது. கீழே வனத்துறை செக்போஸ்ட். அதற்கு முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ரோட்டைக் குறுக்காகக் கடந்துகொண்டிருந்தது. தூரம் இருந்தது. அவர் லாரியில் செய்வதுபோலவே பிரேக்கை விட்டு விட்டு மிதித்தார். முதல் மிதிக்கு வண்டி தணிந்தது. இரண்டாவதற்குக் கொஞ்சம் தணிந்தது. மூன்றாவதற்குத் தணியவே இல்லை.

"புடிக்கல," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

மறுபடி மிதித்தார். கால் கீழே போகவில்லை, பாறையை மிதிப்பதுபோல நின்றது. ஸ்டேரிங்கைத் திருப்பப் பார்த்தார், காலையில் ஒரு விரலுக்குத் திரும்பியது இப்போது இரண்டு கைக்கும் அசையவில்லை. வேகம் ஏறிக்கொண்டே இருந்தது. வண்டிக்காரன் எங்களைப் பார்த்துவிட்டு மாட்டை விரட்டினான். கிழங்கு பாரம், மாடு நகரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். இருபது வருடத்தில் எத்தனையோ மலை இறங்கியவரின் முகத்தில் இரத்தமே இல்லை. நாம் சாகப்போகிறோம், தம்பி பந்தலில் நின்றுகொண்டிருப்பான் என்று நினைத்தேன். இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஹேண்ட்பிரேக் இருந்தது. லாரிக்காரருக்கு அது நிற்கிற வண்டிக்கானது. எனக்கு அப்படியில்லை. எங்கள் ஜீப்பில் கால்பிரேக் பாதி நாள் வேலை செய்யாது. சேலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தேன்.

வண்டி அலறியது. பின்பக்கம் ஒருபக்கமாகச் சுழன்றது. புளியமரம், வானம், மாட்டின் கொம்பு எல்லாம் கண்ணாடியில் ஒவ்வொன்றாக ஓடின. அப்புறம் நின்றுவிட்டது. என் பக்கத்துக் கதவுக்கு வெளியே கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் மாடு நின்று என்னைப் பார்த்தது. கிழங்கு ஒன்று வண்டியிலிருந்து உருண்டு விழுந்தது. வண்டிக்காரன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். திட்டுக் கேட்க இனிமையாக இருந்தது.

அவர் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே இருந்தபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உடனே பிடித்தது. பிரேக்கை எட்டிக் கையால் அழுத்தினேன், இளகிக் கீழே போயிற்று. வண்டியில் ஒரு குறையும் இல்லை. இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கும் ஸ்டேரிங்குக்கும் உயிர் என்று அப்போதுதான் விளங்கியது.

பொழுது மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, வாங்க போலாம்."

"என்னால முடியாது புள்ள." வலப்பக்கச் சீட்டைக் கையால் காட்டினார். "நீ ஓட்டு."

"சேலை?"

சேலையோடு நான் இறங்கினேன். அவர் எழுந்து சுற்றி வந்து இடப்பக்கம் உட்கார்ந்து, வேட்டியை இழுத்துவிட்டு, மடியைக் காட்டினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சாமி காலடியில் வைத்த சேலையைத் தரையில் படாமல் எடுத்து அவர் மடியில் வைத்தேன். குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்த வேகத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் ஒருமுறைகூடப் பலகையைப் பிடிக்கவில்லை, கையில்தான் சேலை இருந்ததே. ஊர் எல்லைக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தினேன். "இங்க மாறிக்கலாமுங்க. நான் மடியில வெச்சுக்கறேன், ஊடு வரைக்கும் நீங்க ஓட்டுங்க. ஆருக்கும் தெரியாது," என்றேன். சீர் நின்றுவிடுமே என்ற பயம் எனக்கு. ஊர் அவரைச் சிரிக்குமே என்ற பயமும் இருந்தது. அவர் தலையை ஆட்டி மறுத்தார். "போ," என்றார்.

பந்தலில் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் வலப்பக்கம் இறங்கினேன். அவர் இடப்பக்கம், கூறைச்சேலையை ஏந்திக்கொண்டு இறங்கினார். சீரெல்லாம் செய்து வைக்கும் அருமைக்காரர் முன்னால் வந்தார். எங்கள் கல்யாணங்களில் அவர் சொல்வதுதான் முடிவு. அவர் சேலையைப் பார்த்தார், அப்புறம் இவரைப் பார்த்தார்.

"ஏனப்பா, ஆரு மடியில வந்தது இது?"

மலை மேலிருந்து அவ மடியில வந்தது, காரைவிட்டு இறங்கும்போதுதான் நான் வாங்கினேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருவில் லாரி ஓட்டுகிற அத்தனை பேரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

"பாதி தூரம் என்ற மடியிலீங்க. எறக்கத்துல நான் இன்ஜின அணைச்சுப்போட்டேன், பிரேக்குப் புடிக்கல. இவ நிறுத்துனா. அப்பறம் இவதான் ஓட்டியாந்தா. நானே ஓட்டியிருந்தா சேலையும் வந்திருக்காது, நாங்களும் வந்திருக்க மாட்டோம்."

காரின் உதைப்பையும் அதன் பிரேக்கையும் தாங்கிக்கொண்ட எனக்கு இதைத் தாங்க முடியவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அருமைக்காரர் கிட்ட வந்து குனிந்து சேலையின் அடியைப் பார்த்தார். "தரையில படலியே?" என்றார். "இல்லீங்க," என்றேன். "அப்ப மஞ்சத்தண்ணி தெளிச்சு வாங்கிக்க சாமி. பொழுது போகுது."

சேலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் மறுநுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சீர் நடந்தது.

முடிந்து வெளியே வந்தால் ஆண்களெல்லாம் காரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் குனிந்து அடியில் பார்த்தார், ஒருவர் பின்கதவைத் தூக்கிப் பார்த்தார். நாலு சக்கரமும் இழுக்குமாமே, மேட்டில் எப்படி, வளைவில் எப்படி என்று என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னக் கேட்டா எனக்கென்ன தெரியும்," என்றார் அவர். "அவளக் கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். லாரிக்கு வாழ்க்கைப்பட்ட இத்தனை வருசத்தில் ஒரு வண்டியைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவரைப் பார்த்தேன். அவரும் மற்றவர்களோடு சேர்ந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.