ரிம்மில் இருந்த உப்பு

அப்பா அந்தப் பழைய சைக்கிள் ரிம்மை முகத்தருகே தூக்கி, கம்பி பூட்டும் துளையொன்றுக்குள் நாக்கு நுனியை வைத்தார். துருவும் பழைய கிறீசும் உதட்டில் ஒட்டின. பிறகு கடை வாசலுக்கு வெளியே எட்டித் துப்பினார். நான் ஓரடி தள்ளி நின்றேன். அருவருப்பு என்ற சொல்லை எங்கே வாசித்தாலும் எனக்கு முதலில் வருவது அந்த நாக்குத்தான். அடுத்ததாக, நான் தள்ளி நின்ற அந்த ஓரடி.

மன்னார்க் கரையில் பழைய ரிம் வாங்குகிறவர்கள் செய்கிற வேலை அது. கடற்கரையில் ஓடிய ரிம்மை உப்பு உள்ளேயிருந்து தின்னும். மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்துவிட்டால் வயல் ஊர்களிலிருந்து வந்த நல்ல ரிம்முக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பெயின்ற் போகாத துளைக்குள் நாக்கை வைத்தால் தெரியும். உப்புத் தின்ற ரிம்முக்கு அரை விலைதான் நியாயம். கடலுக்குப் போகிற அப்பாவுக்கு எழுத வராது, இது தெரியும்.

அப்போது எனக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான். அப்பாவின் சைக்கிளுக்குப் பின்சில்லு இல்லாமல், கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதி வீதியைக் கடந்து பரீட்சை நேரத்துக்குப் பட்டினம் போக வழியில்லை. அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

“இது உப்புத் திண்டது தம்பி. அரை விலை தாறன்” என்றார் அப்பா.

கடைக்காரர் வெற்றிலைச் சாற்றை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். “உது வயல் பக்கத்துச் சைக்கிள். நீர் சாமான் வாங்க வந்தனீரோ, சாப்பிட வந்தனீரோ? பசியெண்டால் சொல்லும், ஒரு பெடலும் சேர்த்துத் தாறன்.”

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் பாடசாலைச் சீருடை வெள்ளைவெளேரென்று இருந்தது. “அப்பா, எல்லாரும் பாக்கினம். அவர் கேட்டதைக் குடுத்திட்டு வாங்கோ” என்றேன். அப்பா கடைக்காரரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு கேட்ட முழு விலையையும் கொடுத்தார்.

பரீட்சையின் இரண்டாம் நாள், என்னைப் பின் கரியலில் ஏற்றிக்கொண்டு தாம்போதியின் நடுவில் போகும்போது அந்த ரிம் துளையோடு துளையாகப் பிளந்தது. பெயின்றுக்குக் கீழே இரும்பு இல்லை, சிவந்த மாவுதான் இருந்தது. “இந்தக் காத்துக்கு எந்த ரிம்மும் போகும் பிள்ளை. நீ ஓடு” என்றார் அப்பா. ஓடினேன். அரைமணி நேரம் பிந்தித்தான் எழுதத் தொடங்கினேன். ஆனாலும் சித்தியடைந்தேன், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அப்பா என் பிழையைக் காற்றின்மேல் போட்டது இன்றுவரை செரிக்கவில்லை.

போன கிழமை அப்பாவின் சைக்கிளுக்கு ரிம் வாங்க அவரோடு அதே கடைக்குப் போனேன். இப்போது நான் பட்டினத்துக் கந்தோர் ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறேன். அப்பா உள்ளே வரவில்லை. வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வாங்கோ மிஸ், இருங்கோ.” கடைக்காரர் கதிரையொன்றைத் துடைத்துப் போட்டார். வெள்ளிப் பெயின்ற் மின்னும் ரிம் ஒன்றை நீட்டினார். “வயல் பக்கத்துச் சாமான். உங்களுக்கெண்டபடியால்தான் இந்த விலை.”

நான் கதிரையில் இருக்கவில்லை. ரிம்மைத் தூக்கித் துளைக்குள் நாக்கை வைத்தேன். கிறீஸ், துரு, அதற்குப் பின்னால் உப்பு.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அந்தக் கிறீசைவிட மோசமாக இருந்தது.

“அப்பா, உள்ளுக்கு வாங்கோ. இதை ஒருக்காப் பாருங்கோ.”

அப்பா தயங்கி வந்து நாக்கை வைத்தார். “உப்புத்தான். அரை விலைக்கும் வேண்டாம்.”

கடைக்காரர் உள்ளே போய், கடதாசியில் சுற்றிய வேறொரு ரிம்மைக் கொண்டு வந்தார். அதில் உப்பு இல்லை. விலையும் அதேதான். அன்றைக்கும் உள்ளே ஒன்று இப்படிச் சுற்றி வைக்கப்பட்டிருந்திருக்கும். ஆள் பார்த்துத்தான் அது வெளியே வரும்.

அப்பா விலை பேசினார். நான் வாய் திறக்கவில்லை. வாய் முழுக்கத் துரு. பேசி முடித்து, ரிம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பா வழக்கம்போல வாசலுக்கு வெளியே எட்டித் துப்பினார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. துடைத்துப் போட்ட அந்தக் கதிரையின் காலடியில் துப்பிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.