ரவைக்குப் பக்கத்தில் காய்ந்த பொடி

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம், செம்பூர் கல்லூரியில் நானும் என் தோழியும் சேர்ந்து ஒரே ப்ராஜெக்ட் செய்தோம். மாட்டுங்காவில் நேந்திரங்காய் வறுவல் போடும் கடையின் கறுத்துப்போன எண்ணெயை டீசலாக மாற்ற வேண்டும். எண்ணெய் என் பொறுப்பு. அதை மாற்றித் தரும் வினையூக்கி அவள் பொறுப்பு. தாராவியில் அவள் வாப்பா முட்டை புர்ஜி வண்டி போட்டிருந்தார். அங்கே சேரும் முட்டை ஓடுகளைக் கழுவிப் பொடித்து எடுத்துவருவாள். லேப் உலையில் தொள்ளாயிரம் டிகிரியில் சுட்டால் வெள்ளைப் பொடியாகும். எண்ணெயில் கரையாது, வடிகட்டி மறுபடியும் போடலாம். வீம்பு ஒன்றுதான்: ஈரக் காற்று பட்டால் வேலை செய்யாது. பம்பாய் மழையில் இந்த வீம்போடு யார் குடித்தனம் நடத்துவது?

இந்த மார்க் வந்தால்தான் அம்பர்நாத் தொழிற்சாலையில் அவளுக்கு லேப் வேலை. எனக்கு அப்படி அவசரம் எதுவும் இல்லை.

லேப் கூரை ஒழுகியது. அவள் வீடும் ஒழுகியது. ஆகவே பொடி எங்கள் வீட்டுக்கு, அம்மாவின் இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுக்குக் குடிவந்தது. எங்கள் வீட்டில் முட்டை நுழையாது. "லேப் சுண்ணாம்பு, நமுத்துப் போகக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். ரசாயனப்படி அது பொய்யே இல்லை. இந்தச் சாமர்த்தியத்தைப் பாடத்தில் காட்டியிருந்தால் ரேங்க் வாங்கியிருப்பேன்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மழை விட்டு வெயில் அடித்தது. வெயிலைக் கண்டால் அம்மாவுக்குக் கை பரபரக்கும். சாயங்காலம் நான் வந்தபோது பால்கனியில் ரவை, துவரம்பருப்பு, மிளகாய், பக்கத்துத் தாம்பாளத்தில் என் பொடி.

"நமுத்துடும்னியே, நன்னா காயட்டும்னு காலம்பறயே வெச்சுட்டேன்" என்றாள் பெருமையாக.

பொடி பகல் முழுக்க மழை ஈரக் காற்றில் கிடந்ததை மறுநாள் காலை கல்லூரி வாசலில் தோழியிடம் சொன்னேன். மறுபடி சுட நேரமில்லை. மூன்று மணி நேரம் கலக்கினோம். மேலே டீசல், கீழே கிளிசரின் என்று இரண்டாகப் பிரிய வேண்டியது, கலங்கலாக ஒன்றாகவே நின்றது. பொடியைக் காற்றில் வைத்தது யார் என்று எங்கள் பேராசிரியர் கேட்டார்.

"நாந்தான் சார். டப்பாவ மூட மறந்துட்டேன்" என்றாள் அவள்.

டப்பாவில் இருந்தது முட்டை ஓடு என்று எங்கள் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள். அவள் மார்க்கைக் குறைப்பதாக அவர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ரவைக்காகத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணு உனக்காகப் பழி ஏத்துண்டா. நீ பக்கத்துல பொம்மையாட்டம் நின்னியா?"

மறுநாள் பேராசிரியர் அறைக்கு அம்மாவே வந்தாள். அவரும் தமிழர்தான்.

"முட்டை ஓட்டை வெயில்ல காய வெச்சது நான். அந்தப் பொண்ணு மார்க்கைக் குறைக்காதீங்கோ" என்று கணீரென்று சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏன் வெச்சேன்னு இவ சொல்லுவா."

நான் சொன்னேன்.