சாப்பாட்டு மேசை மெக்கானிக்

ரிக்கார்ட் பிளேயர் ரிப்பேர் செய்பவனுக்கு முதலில் வேண்டியது ஆடாத மேசை. மேசை சாய்ந்தால் ரிக்கார்ட் சுற்றும் தட்டு சாயும், தட்டு சாய்ந்தால் ஊசி வழுக்கும், ஊசி வழுக்கினால் அரை மணி நேர வேலை வீண். என்னைப் போல வீட்டிலேயே இந்தத் தொழிலைச் செய்து திட்டு வாங்கும் அன்பர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டில் ஆடாத மேசை ஒன்றே ஒன்றுதான். அது சாப்பிடுவதற்காக வாங்கியது என்பது என் மனைவி சரோஜாவின் கட்சி.

கெடு

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருக்க முடியாமல்தான் இதில் இறங்கினேன். முதலில் ஒன்று வந்தது. பிறகு அதைப் பார்த்தவர், அவர் மச்சான், மச்சானின் முதலாளி என்று வரிசை கட்டி வந்தார்கள். மேசையின் ஒரு மூலையில் ஆரம்பித்த தொழில் நாலு மூலைக்கும் பரவியது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிடப் பழகினோம்.

அப்போதுதான் எங்கள் மகள் கவிதா, கூட வேலை செய்யும் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். நல்ல பையன். அவன் அப்பாவுக்கு முழுச் சம்மதம். கிள்ளானில் இருக்கும் அம்மாதான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வீட்ட வந்து பாத்துட்டு சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். வரும் ஞாயிறு மாலை டீக்கு வருகிறார்கள். இது திங்கட்கிழமை தெரிந்தது. அன்றைக்கு மேசையில் மூன்று ரிக்கார்ட் பிளேயர்கள் குடல் தெரிய மல்லாந்து கிடந்தன. கவிதா மேசையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அது எனக்கு வலித்தது. சரோஜாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

"ஞாயித்துக்கெழம அந்தம்மா முன்னால ஒரு ஸ்குரூ உருண்டு வந்துச்சுன்னா, அதோட ஒங்களையும் சேத்து கூட்டித் தள்ளிருவேன், சொல்லிட்டேன்!"

ஆண் குரல்

முதலில் முடித்தது ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்த குமாருடையது. அவருடைய மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெட்டி. அங்கே மின்சார அழுத்தம் வேறு என்று தெரிந்து, குமாரே கடையில் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டியிருந்தார். அதுவரைக்கும் சரிதான். ஆனால் அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு அறுபது தடவை துடிக்கும், நம்முடையது ஐம்பது தடவைதான். டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. அந்த மோட்டாரும் துடிப்புக்குத் தக்கபடிதான் சுற்றும் என்பதால், பாட்டு எல்லாம் மத்தியானச் சாப்பாடு முடிந்து பாடியது போல இழுத்துக்கொண்டு வந்தது.

மோட்டார் தலையில் இருந்த பித்தளை உருளையைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பெரியதாக ஒன்றைப் போட்டேன். வேகம் சரியாகிவிட்டது. குமார் வந்து உட்கார்ந்து கேட்டார். முதல் வரியிலேயே அவர் முகம் மாறியது. ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்து, என்ன என்று கேட்டேன்.

"இது பொம்பள கொரலா பாஸ்? ரெண்டு வாரமா, இந்த ஆளு கொரல் எவ்ளோ கம்பீரம் பாருன்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டு திரிஞ்சேன் லா!"

மாதா பார்த்துக்கொண்டது

இரண்டாவது, செலாயாங்கில் இருக்கும் ஸ்டெல்லா அக்காவுடையது. பிளேயரில் ஊசியைத் தாங்கும் கையின் நுனியில், ஊசிக்கு நேர் மேலே, ஒரு மாதா பதக்கத்தைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தார். ஊசி தாண்டித் தாண்டி ஓடியதாம். பாரம் வைத்தால் நிற்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வைப்பதுதான் வைக்கிறோம், கும்பிடுகிற பாரமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். ஊசி நின்றது. ஆனால் அந்தக் கனத்தில் ரிக்கார்டின் கோடுகளையெல்லாம் ஏர் போல உழுதுகொண்டிருந்தது.

பதக்கத்தை எடுத்தாக வேண்டும். எடுத்து எங்கே வைப்பது? ஸ்குரூ டப்பாவில் போட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் எங்கள் சாமி அலமாரியில், முருகனுக்குப் பக்கத்தில் வைத்தேன். சரோஜா இரண்டு நாளும் இரண்டு பேருக்கும் சேர்த்தே பூ வைத்தாள். வியாழக்கிழமை வந்த ஸ்டெல்லா அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கியது போல இருந்தது. கையின் பின்பக்கத்து எடையைத் திருகிச் சரியாக வைத்திருக்கிறேன், இனிமேல் பதக்கம் தேவையில்லை என்று பவ்வியமாக எடுத்துச் சொன்னேன்.

"மாதா இருந்த வரைக்கும் ஒரு தடவகூட தாண்டல தம்பி. எடுத்துட்டீங்க, இனிமே நீங்கதான் பொறுப்பு."

நாசி லெமாக் வாசனை

மூன்றாவது பெட்டியைத் திறந்ததும் மிளகாய்ச் சம்பல் வாசனை அடித்தது. காஜாங்கில் பள்ளி வேன் ஓட்டும் மணியத்துடையது. தட்டைச் சுற்றவைக்கும் பெல்ட் அறுந்துபோனதும், காலையில் வாங்கிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்திலிருந்து சிவப்பு ரப்பர் பேண்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார். பாட்டு விக்கல் எடுத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எடுக்கவே எனக்கு ஒரு பகல் போனது. போனில் கூப்பிட்டு, இப்படியும் செய்வார்களா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். சனிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். மனிதர் கொஞ்சம்கூட அசரவில்லை.

"ரெண்டு நாளு நல்லாத்தான் பாடுச்சு அண்ணே. டபுளா போட்டிருக்கணும் போல."

டீ நேரம்

சனிக்கிழமை மணியம் வரவில்லை. வேனில் கிளட்ச் போய்விட்டது, திங்கட்கிழமை வருகிறேன் என்று மெசேஜ்தான் வந்தது. வேறு வழியில்லாமல் பெட்டியை அலமாரி மேல் தூக்கி வைத்து, சரோஜாவின் பழைய பட்டுச் சேலையைப் போட்டு மூடினோம். மேசை பளபளவென்று இருந்தது. உளுந்து வடை, தேங்காய்ச் சட்னி, கேசரி எல்லாம் தயார்.

பையனின் அம்மா அதிகம் பேசவில்லை. என்னை "மிஸ்டர்" என்றும் சரோஜாவை "நீங்க" என்றும் சொல்லி, இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டார். அப்பாதான் சேலையைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன சாமி என்று கேட்டார். திறந்து காட்டினேன். மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "போட்டுக் காட்டுங்களேன்" என்றார். கவிதா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். ஆனால் தொழில் புத்தி யாரை விட்டது? ஒரு ரிக்கார்டை வைத்தேன். பாட்டு இரண்டு வரி நன்றாகவே வந்து, அப்புறம் கரகரத்து நின்றது. குனிந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஊசியின் முனையே இல்லை. என்னை மறந்து கத்திவிட்டேன்.

"போச்சு! ஊசி போச்சு!"

அந்த அம்மா சட்னியில் தோய்த்த வடையை வாய் வரைக்கும் கொண்டுபோனவர், அப்படியே தட்டில் வைத்துவிட்டார். பையன் தன் தட்டை முகர்ந்து பார்த்தான். எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. என்மேல் குறை இருக்கக் கூடாதே என்று, "நேத்தே போயிருக்கும், நான்தான் கவனிக்கல" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

விடியற்காலையில் எழுந்து அரைத்துச் சுட்ட சரோஜாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தையால் மகள் கல்யாணத்தைக் கெடுத்த அப்பன் என்று பேர் வாங்கப் போகிறேனே! ஊசியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு ஓடினேன். "இந்த ஊசிங்க! பாட்டு ஊசி! சட்னி இல்லங்க!" என்று உளறினேன்.

அந்த அம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடக்கிப் பார்த்து முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு வைத்த வடையை எடுத்து, இன்னும் நிறைய சட்னியைத் தொட்டு, ஒரே வாயில் போட்டு மென்றுகொண்டே பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.

"வந்து உக்காருங்க சம்பந்தி. ஊசி போனா வேற வாங்கிக்கலாம், சம்பந்தியம்மா சுட்ட வடை ஆறிப்போகுதுல்ல?"

இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து அவதிப்படும் அன்பர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான்: மேசையில் விருந்தாளி இருக்கும்போது ஊசியை மட்டும் இங்கிலீஷில் சொல்லுங்கள்.